ஏழு பேச்சுப் பெட்டிகளும் ஒரு பொய்க் கேதமும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் தோட்டத்து லயத்துக் கதை பேசாமல் எழுந்ததில்லை. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் நம்மை விட்டுப்போன பிள்ளைக் காம்பராவில் ஊற்றிக் கொடுத்த பால், ரொட்டியும் இடிசம்பலும், மழைக்குப் போர்த்திய சாக்கு. அந்தக் கதைகளில் நாம் எல்லாருமே நல்ல பிள்ளைகளாக இருந்திருக்கிறோம். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வரும். நான் நல்ல பிள்ளை இல்லை. உங்களில் பாதிப் பேரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் தேயிலைக் கொட்டையால் அடித்து விரட்டிய மனிதரை நீங்கள் மறந்திருப்பீர்கள். அவர் எதற்காக வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அத்தையை, அப்பாவின் தங்கையை, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இடது கன்னத்தில் வெந்த தழும்பு. தவழ்கிற வயதில் அடுப்பிலிருந்த சுடுதண்ணீரை இழுத்துத் தன்மேல் கொட்டிக்கொண்டாளாம். நாம் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. அன்றைக்கு வாய் வந்தது. பெண் பார்க்க இரண்டு தடவை வந்தார்கள். இரண்டு தடவையும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அத்தை எங்களோடு அந்த ஒற்றை அறைக் காம்பராவிலேயே தங்கிப்போனாள்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, நமுனுகுலை மலையின் இடுப்பில் எங்கள் தோட்டம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்து வீடுகளில் அவரவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஒருவருக்குச் சேவல், இன்னொருவருக்குச் சீட்டு. அத்தைக்குப் பேச்சுப் பெட்டி. பட்டணத்தில் அதை வோக்கிடோக்கி என்றார்கள். பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். சின்ன வயதில் அவள் பங்களாவில் வேலைக்கு நின்றவள். வெள்ளைத் துரை பங்களாவுக்கும் பெக்டரிக்கும் நடுவே பேசுவதற்கு இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். ஊருக்குக் கப்பலேறும்போது, பழுதாகிக் கிடந்த அந்த இரண்டையும் குப்பையில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தார். அவள் குப்பையில் போடவில்லை.

பதுளையில் கடைவீதிக் கோடியில் ரேடியோ திருத்துகிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரரை நாங்கள் நானா என்போம். அத்தை மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் முக்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்தே படித்தாள். அடுப்பில் காய்ச்சிய கம்பியால் ஈயம் வைக்கக் கற்றாள். துரையின் பெட்டிகள் இரண்டும் பேசின. அதற்குப் பிறகு அரபு நாட்டிலிருந்து வந்த ஒருத்தியின் பிள்ளைகள் உடைத்துப்போட்ட விளையாட்டுப் பெட்டி இரண்டு, பொலிஸ் ஏலத்தில் நானா எடுத்த தடித்த பெட்டி ஒன்று, மீன்பிடி வள்ளத்திலிருந்து கழற்றிய உப்பரித்த பெட்டி ஒன்று என்று சேர்ந்தன. ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டிக்குள் சேலைத் துணியில் சுற்றி அடுக்கி வைத்திருப்பாள். அந்தப் பெட்டியைத் திறந்தால் உலர்ந்த தேயிலையும் சுட்ட ஈயமும் சேர்ந்த ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது வயர் கருகினால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

“ரெண்டு பொட்டிக்கும் உள்ளாற இருக்கிற கல்லு ஒண்ணா இருக்கணும் புள்ள,” என்பாள். “இல்லாட்டி பக்கத்துல பக்கத்துல வச்சாலும் ஒண்ணோட ஒண்ணு பேசாது.”

“நம்ம அம்மாவும் நீங்களும் மாதிரியா?” என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தழும்புள்ள பக்கம் அசையாது.

எனக்குப் பதினொரு வயது. அவளுக்கு நான்தான் கையாள். துரையின் பெட்டிகளில் ஒன்றின் ஏரியல் வளைந்திருக்கும். அதற்குக் கூனி என்று பேர் வைத்து, “இது ஒனக்கு,” என்று கொடுத்திருந்தாள். கொழுந்து நிறுத்து முடிந்ததும் விறகு பொறுக்குகிற சாக்கில் இரண்டு பேரும் மலை ஏறுவோம். அவள் உச்சியில் சவுக்கு மரத்தடியில் நிற்பாள். நான் கூனியைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒவ்வொரு வளைவிலும் நின்று வாய்பாடு சொல்ல வேண்டும். ஏழாம் வாய்பாடு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை கேட்கும். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் எட்டாம் வாய்பாடு நடுவில் அறுந்துபோகும். எந்த மூலையில் குரல் சாகிறது என்று அவள் மனதிலேயே குறித்து வைத்திருந்தாள். பள்ளியில் கணக்கில் முட்டை வாங்கிய நான் வாய்பாட்டை மட்டும் தண்ணீராய் ஒப்பித்ததற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பருவம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லயத்தில் என்னிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. அங்கே மலையுச்சியில் ஒருத்தி, நான் சொல்வது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ஏழாவது பெட்டி வந்ததும் எல்லாம் கெட்டது. பச்சை நிறம், தோளில் மாட்டுகிற வார். நானா கடையில் அத்தை அதை எடுத்துப் பார்க்கும்போது நானும் கூட இருந்தேன்.

“இது ஒத்தையாத்தான் இருக்கு,” என்றார் நானா. “ஜோடி மடுல்சீமைக்குப் போச்சு. தோட்டத்துக் காவக்காரர் ஒருத்தர் கொண்டு போனார். அவருக்கும் ஒன்னயப் போலக் கிறுக்குத்தான்.”

மடுல்சீமை மலை எங்கள் உச்சியிலிருந்து பார்த்தால் தெரியும். பஸ்ஸில் போவதென்றால் பசறை சுற்றி அரை நாள் போய்விடும். இடையில் பள்ளத்தாக்கு மட்டும்தான். அத்தை பதினாறு நாள் சாயங்காலம் அந்த மலையைப் பார்த்து, “இருக்கீங்களா? மடுல்சீமை, இருக்கீங்களா?” என்று கூப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். பதினேழாம் நாள் இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், “இருக்கேங்க,” என்றது.

அத்தை பொத்தானை அமுக்க மறந்து நின்றாள். நான்தான் அவள் விரலைப் பிடித்து அமுக்கினேன்.

என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். ஒன்றுமில்லை. அங்கே மழையா, இங்கே பனியா, எத்தனை பேட்டரி போட்டிருக்கீங்க, ஏரியலை எதில் கட்டியிருக்கீங்க. அவர் பெண்சாதியை இழந்தவர், பிள்ளை இல்லை. இரண்டாம் வாரமே அத்தை தன் முகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். “எனக்கு ஒரு பக்கம் வெந்து கெடக்குங்க. பாத்தா பயப்படுவீங்க.”  அவர், “கொரல்ல ஒண்ணும் வெந்து கெடக்கலியே,” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அதுவரை அந்த மலையில் அத்தைக்குக் கேட்க வேண்டிய குரல் என்னுடையது மட்டும்தான்.

ஒருநாள் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பொத்தானை அமுக்கி, நாம் வைத்த பட்டப்பெயரை உரக்கச் சொன்னேன். அத்தை அறைந்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

“ஒனக்கு வாய் அடங்காது. இனி வராத.”

அடுத்த மாதம் அவள் பதுளைக்குப் போய்த் திரும்பியபோது பையில் ஒரு டசின் பேட்டரியும் ஒரு சுருள் செம்புக் கம்பியும் இருந்தன. தேயிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கூனியையும் அதன் ஜோடியையும் காணோம். கேட்டதற்கு, “அது பழசு புள்ள, நானாகிட்ட மாத்திட்டேன்,” என்றாள். என்னுடையது என்று அவள் வாயாலேயே சொன்ன பெட்டி.  அவள் செத்தால் தேவலை என்று நினைத்தேன். அப்படி நினைக்காத பிள்ளைகள் யாராவது உங்களில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

பிறகு அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழும்ப முடியவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்.

“பச்சப் பொட்டி விறகுக் குவியலுக்குள்ள இருக்கு. கொண்டு போயி, எனக்குக் காச்சல், ரெண்டு நாளைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டு வாறியா? தேடிக்கிட்டு நிப்பாரு.”

“சரி,” என்றேன்.

கேதம் சொல்வது நம்மிடம் எப்படி என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. சாவு விழுந்தால் ஓர் ஆள் புறப்பட்டு மலை மலையாகப் போய்ச் சொந்தக்காரர்களின் லயத்தில் சொல்லிவிட்டு வருவான். பகையாளி வீட்டுக்குக்கூடச் சொல்வார்கள், பகையாளியும் வருவான். கேதம் சொல்ல வந்தவனிடம் நிஜமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். எப்போது எடுக்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்பார்கள். திருடுவோம், புளுகுவோம், கள்ளச் சத்தியம் பண்ணுவோம். கேதத்தில் மட்டும் பொய் சொன்னவர் எங்கள் மலையில் இருந்ததில்லை.

சவுக்கு மரத்தடியில் நின்று பொத்தானை அமுக்கினேன். அவர் உடனே, “இருக்கீங்களா?” என்றார்.

“இல்ல. அத்த செத்துப் போச்சு. காச்சல்ல.”

பொத்தானை விட்டேன்.  அவர் திட்டுவார், பொய் என்பார், நான் சிரித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் அழக்கூட இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நம் ஆட்கள் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார்.

“எப்ப எடுக்கிறீங்க?”

“நாளைக்கு மூணு மணிக்கு,” என்றேன். எந்த லயம் என்றார். அதையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, “சொன்னியா?” என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். “என்ன சொன்னாரு?” என்றாள். “ஒண்ணும் சொல்லல,” என்றேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். ஞாயிறு என்பதால் ஆண்கள் எல்லாம் வீட்டில். இரண்டரை மணி இருக்கும். பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்த ஒருவர் முதல் லயத்தில் நின்று, “கேத வீடு எதுங்க?” என்று கேட்டார். வெள்ளைச் சட்டை, கையில் மாலை, கக்கத்தில் பழுப்புக் கடுதாசிப் பொட்டலம். “இங்க யாரும் சாகலியே,” என்றார்கள். அவர் லயத்து நம்பரைச் சொன்னார். பின்னால் ஒரு கூட்டத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார். நடையில் கடுதாசி கசங்கிக் கிழிந்து, உள்ளே இருந்த சேலை தெரிந்தது.

சிவப்புச் சேலை.

கன்னியாகச் சாகிறவளுக்கு எங்களில் வெள்ளைக் கோடிதான் போடுவார்கள். சிவப்பு, புருசன் உயிரோடிருக்கும்போதே சாகிறவளுக்கு. அதை எடுத்து வந்து போடுகிற உரிமை புருசனுக்கு மட்டும்தான் என்று லயத்தில் மூக்கொழுகுகிற குழந்தைக்கும் தெரியும். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “செவப்பா கொண்டாந்திருக்கான் பாரு,” என்றாள். அப்பா உள்ளிருந்து வந்தார்.

வந்தவர் அப்பாவைப் பார்க்கவில்லை. படியில் கம்பளிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். தழும்பைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டார். மாலை கையிலிருந்து நழுவியது. முகம் முழுக்கச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“இருக்கீங்களா?” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அத்தை நடுங்கியதை, பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

“யாரு நீ? எந்த ஆளுக?” என்றார் அப்பா. வந்தவர் தன் தோட்டத்தையும் ஆட்களையும் மறைக்காமல் சொன்னார். அப்பாவின் வாய் கோணியது. நம்மைவிட ஒரு படி கீழே என்று நாம் வைத்திருந்தவர்கள். லயத்துக்கு லயம் ஒரே அளவு காம்பரா, ஒரே பீலித் தண்ணீர், இதில் படி வேறு.

“ஒனக்குக் கேதம் சொன்னது யாரு?”

“பொட்டியில ஒரு பொம்பளப் புள்ள சொன்னிச்சுங்க.”

அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு பார்க்கவில்லை.

அப்பா அவள் தலைமயிரைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். “இவன ஒனக்குத் தெரியுமாடி?”

லயமே நின்று பார்த்தது. அவர் இன்னொரு தடவை, மெல்ல, “இருக்கீங்களா?” என்றார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு, “தெரியாது,” என்றாள்.

இத்தனை வருசமாக நினைத்துப் பார்க்கிறேன். ஆம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் அந்த இடத்திலேயே அடித்துக் கிடத்தியிருப்பார்கள். தெரியாது என்றதால் அவரை மட்டும் அடித்தார்கள். அவள் அதைக் கணக்குப் போட்டுச் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. உதட்டில் ரத்தத்தோடு எழுந்து, கேதத்துக்குக் கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது என்பதால் சேலையைப் படியில் வைத்துவிட்டு நடந்தார். நாம் பிள்ளைகள் எல்லாம் பாலம் வரைக்கும் பின்னால் ஓடினோம். தேயிலைக் கொட்டையை மடி நிறையப் பொறுக்கி அடித்தோம். நானும் அடித்தேன். என் குறி தப்பவில்லை.

அப்பா தேயிலைப் பெட்டியை வாசலில் கவிழ்த்துக் கோடாலியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாக உடைத்தார். “நீயே கேதம் சொல்லி வரவழைச்சியா?” என்று அடிக்கொரு தடவை கேட்டார். அத்தை இல்லை என்று சொல்லவில்லை. என் பேரையும் சொல்லவில்லை. 

“இவ்வளவுதானா?” என்றார் அப்பா.

அத்தை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் போய் விறகுக் குவியலுக்குள் கையை விட்டுப் பச்சைப் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பயத்தில் செய்தேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தில் செய்கிறவள் அவ்வளவு வேகமாக ஓடமாட்டாள்.

சேலை இருட்டும்வரை படியிலேயே கிடந்தது. செத்தவளுக்கு வந்தது, தொடாதே என்றாள் அம்மா. விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை வந்து எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நாற்பது வருசத்துக்கு மேல் இருந்தாள். என்னோடு பேசாமல் இல்லை. தலை வாரிவிட்டாள், பரீட்சைக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள், நான் டீச்சர் ஆனபோது நெற்றியில் திருநீறு பூசினாள். ஒன்றே ஒன்றுதான் செய்யவில்லை. என்னிடம் யாருக்கும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. அம்மாவைக் கூப்பிடச் சொல்லக்கூட மாட்டாள். முட்டிவலியோடு எழுந்து தானே போய்க் கூப்பிடுவாள். இந்தத் தண்டனையை வேறு யாரும் கவனித்திருக்க முடியாது.

சண்டைக் காலத்தில் ஆமிக்காரர்கள் லயம் லயமாகச் சோதித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய ரேடியோவுக்காக ஒரு பையனைக் கொண்டு போனார்கள். அப்பா சோற்றில் கை வைத்துக்கொண்டு, “அன்னைக்கு நா ஒடைச்சதாலதான் இன்னைக்கு நாம உசுரோட இருக்கோம்,” என்று பெருமையடித்தார். அத்தை அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா அடுத்தடுத்துப் பல வருசம் இதைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன்.

போன மாதம் அத்தை போய்விட்டாள். தம்பி அதே லயத்தில்தான் இருக்கிறான். நான் பதுளையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது கேதம் எல்லாம் போனில் போய் முடிந்திருந்தது. எனக்கு ஒரே ஒரு ஆளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நானாவின் கடையை இப்போது மகன் பார்க்கிறார். போனில் கோல் எடுத்துக் கேட்டேன்.

“மடுல்சீமைப் பெரியவரா? வாப்பா இருக்கிற காலத்துல மாசாமாசம் வருவார் டீச்சர். அந்தப் பச்சப் பொட்டிக்குப் பேட்டரி வாங்க. இப்ப நடமாட்டம் இல்ல, நம்பர் இருக்கு.”

ஜோடி உடைந்து போன பெட்டிக்கு அவர் எத்தனை வருசம் பேட்டரி வாங்கினார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நம்பரை வாங்கி எடுத்தேன். அத்தையின் அண்ணன் மகள் பேசுகிறேன் என்றேன். அத்தை செத்துப்போனார் என்றேன். அன்றைக்குப் போலவே எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

“இது நெசந்தானாம்மா?” என்றார்.

“நெசந்தாங்க.”

“நான் வரல. அந்தக் கேதத்துக்கு நான் அப்பவே வந்துட்டேன்.” மூச்சு வாங்கினார். “ஒரு சேல வச்சிட்டு வந்தேன். இருந்தா அதப் போட்டு விடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“சரிங்க,” என்றேன்.

டிரங்குப் பெட்டியின் அடியில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது. பாச்சான் உருண்டை வாசம். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். வெள்ளைக் கோடி போர்த்தியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். தம்பியின் பெண்சாதி என் தோளைப் பார்த்தாள்.

“என்ன மதினி அது, செவப்பா? யாருக்கு?”

எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு அறுபது வயது. முப்பது வருசம் வகுப்பில் நின்று பேசியவள். அப்பா உயிரோடு இல்லை, அடிக்க யாரும் இல்லை.

“யாருக்குமில்ல,” என்றேன். “இது என்னோடது.”

அத்தை வெள்ளையோடு போனாள். சேலை இப்போது என் அலுமாரியில் இருக்கிறது.

எட்டாம் நாள் அவரே கோல் எடுத்தார். குரல் இன்னும் இறங்கியிருந்தது.

“போட்டீங்களாம்மா?”

“போட்டேங்க,” என்றேன்.

“நல்லது,” என்று சொல்லி வைத்துவிட்டார். இந்தத் தடவை அவர் நெசமா என்று கேட்கவில்லை.